சொல்லின் சூடு

"எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

வாசலில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும் வீட்டின் முன் ஒருவர் தணிந்த குரலில் இப்படிக் கேட்டால், எதை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆடித் தள்ளுபடி நாளில் ஜவுளிக்கடைப் படியிறங்கி வருபவரிடம் "என்ன, எடுத்தாச்சா?" என்றால் கேள்வி புடவையைப் பற்றியது. பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, பரீட்சையில் மார்க் எடுக்கிறோம், இயக்குநர் படம் எடுக்கிறார், பாம்பும் படம் எடுக்கிறது. ஒரே வினைச்சொல்லை இத்தனை வேலைக்கு அனுப்புகிறோம். அது இப்போது எந்த வேலையாக வந்திருக்கிறது என்பதில் மட்டும் நமக்குத் தடுமாற்றமே வருவதில்லை.

இடமும் சூழலும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன என்று சொல்லலாம். பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஆனால் இடம் எந்தத் துப்பும் தராதபோது? சொல் தனியாக வந்து காதில் விழுகிறது. கேட்பவரின் மனநிலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அப்போது பொருளும் மாறுமா?

மூளை முதலில் சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்கும், பிறகு அந்தப் பொருளுக்கு ஏற்றபடி மகிழ்ச்சியோ பயமோ அருவருப்போ எழும் என்று நினைப்பது இயல்பு. அறிவு முன்னே, உணர்ச்சி பின்னே. சோதனைச்சாலைகளில் சேர்ந்திருக்கும் சான்றுகள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மறுக்கின்றன. பொருளைத் தேடுவதிலும், கற்பதிலும், நினைவில் வைப்பதிலும் உணர்ச்சிக்கு வேலை இருக்கிறது என்கின்றன.

சோகம் போட்ட எழுத்துக்கூட்டு

ஆங்கிலத்தில் ஒலிப்பு ஒன்று, எழுத்துக்கூட்டு வேறு என்று அமைந்த சொற்கள் ஏராளம். 'மார்னிங்' என்ற ஒலியை ஒருவிதமாக எழுதினால் காலை. நடுவில் 'யூ' என்ற எழுத்தைச் சேர்த்து எழுதினால் துக்கம் அனுசரிப்பது. 'டை' என்பதை ஒருவிதமாக எழுதினால் சாயம்; இன்னொருவிதமாக எழுதினால் சாவு. பிள்ளைகளின் டிக்டேஷன் நோட்டுக்கு எமனாக வரும் இந்தச் சொற்கள் உளவியலாளர்களுக்கு வரமாக அமைந்தன. கேட்டவர் மனதில் எந்தப் பொருள் வந்து உட்கார்ந்தது என்பதை அவர் எழுதும் எழுத்துக்கூட்டே சொல்லிவிடும். அவரிடம் கேள்வி கேட்டு உஷார்ப்படுத்தத் தேவையில்லை.

ஜேமின் ஹால்பர்ஸ்டாட், பாலா நீடென்தால் ஆகியோரின் குழு 1995-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு சாராருக்கு மகிழ்ச்சியூட்டும் இசையையும் இன்னொரு சாராருக்குச் சோகமான இசையையும் போட்டு மனநிலையை மாற்றினார்கள். பிறகு ஒலிநாடாவில் ஒவ்வொரு சொல்லாக வரும். காதில் விழுந்ததை எழுத வேண்டும், அவ்வளவுதான். பட்டியலின் இடையிடையே இரட்டைப் பொருள் சொற்கள் கலந்திருந்தன. சோக இசை கேட்டவர்கள் துயரப் பொருள் தரும் எழுத்துக்கூட்டை மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதினார்கள். ஒலி ஒன்றுதான், சூழலும் ஒன்றுதான். வேறுபட்டது மனநிலை மட்டும்.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1989-இல், ஆண்ட்ரூ மாத்யூஸ், ஆன் ரிச்சர்ட்ஸ், மைக்கேல் ஐசங்க் ஆகியோர் பதற்ற நோயாளிகளிடம் இதே முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். நோயில் இருந்தவர்கள் அச்சமூட்டும் எழுத்துக்கூட்டை அதிகம் எழுதினார்கள். நோயில்லாதவர்கள் குறைவாக எழுதினார்கள். குணமாகி வந்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள். பதற்றக்காரர் சாதாரணப் பேச்சிலும் ஆபத்தைக் கேட்கிறார் என்று வீட்டார் அலுத்துக்கொள்வதில் ஓரளவு நியாயம் உண்டு. அவருடைய காது உண்மையிலேயே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

கேட்பவரின் மனநிலைக்கு இருக்கும் அதே செல்வாக்கு சொல்பவரின் குரலுக்கும் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் நைகார்ட், தன் சக ஆய்வாளருடன் 2002-இல் இதைக் காட்டினார். இரட்டைப் பொருள் சொற்களை ஒருமுறை மகிழ்ச்சியான தொனியிலும் ஒருமுறை சோகத் தொனியிலும் படித்துப் பதிவு செய்தார்கள். சோகக் குரலில் கேட்டவர்களின் தாளில் துயர எழுத்துக்கூட்டுகள் கூடின. குரலின் தொனியைப் பேச்சின் மேல் தூவிய அலங்காரமாக நினைக்கிறோம். அது சொல் எது என்று தீர்மானிக்கும் இடம் வரை போகிறது.

சோகமாக இருந்தவர் எல்லாச் சொல்லையும் சோகமாகவே கேட்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சராசரியில் தெரிந்தது ஒரு சாய்வு. அந்தச் சாய்வு எந்தக் கட்டத்தில் நுழைகிறது என்பதற்கு டேவிட் ஸ்வின்னி 1979-இல் செய்த சோதனை ஒரு வழி காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ரகசியமாகப் பொருத்திய ஒட்டுக்கேட்புக் கருவிக்கும் அதே பெயர். அறையின் மூலையில் சிலந்தியும் கரப்பானும் இன்ன பிற 'பக்'குகளும் இருந்தன என்று ஒரு வாக்கியம் காதில் ஒலிக்கும். அந்தச் சொல் முடிந்த அதே கணத்தில் திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் குவியலா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். 'எறும்பு' என்ற சொல்லைச் சட்டென்று அடையாளம் கண்டார்கள், எதிர்பார்த்ததுதான். வியப்பு என்னவென்றால் 'உளவாளி' என்ற சொல்லையும் அதே வேகத்தில் கண்டார்கள். வாக்கியம் முழுக்கப் பூச்சிகளைப் பற்றி இருந்தும், ஒற்றர்களோடு தொடர்புடைய பொருளும் ஒரு கணம் விழித்திருக்கிறது. மூன்று அசைகள் கழித்துச் சோதித்தபோது பூச்சி மட்டும் எஞ்சியது.

ஆக, பல பொருள் கொண்ட சொல் காதில் விழுந்ததும் பொருள்கள் பலவும் ஒன்றாக எழுகின்றன. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒன்று நிலைக்க, மற்றவை அடங்கிவிடுகின்றன. மனநிலை தன் ஆட்டத்தை ஆடுவதற்கு இந்தச் சிறு இடைவெளி போதும். பேருந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோல, சோகம் தனக்கு வேண்டிய பொருளுக்கு முன்கூட்டியே இடம் போட்டு வைக்கிறது. வலுவான சூழல் என்ற கண்டக்டர் வந்தால் துண்டை எடுத்து வீசிவிடுவார். சூழல் வலுவாக இல்லாதபோது துண்டு போட்டவருக்கே இடம்.

ஏழு கட்டங்கள்

இதுவரை பார்த்தது கேட்பவரிடம் இருக்கும் உணர்ச்சி. சொல்லிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் உணர்ச்சி வேறு. அதை அளக்க முடியும் என்று துணிந்தவர்களில் முக்கியமானவர் இலினாய் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஆஸ்குட். ஜார்ஜ் சூசி, பெர்சி டானன்பாம் ஆகியோருடன் சேர்ந்து 1957-இல் அவர் வெளியிட்ட 'தி மெஷர்மென்ட் ஆஃப் மீனிங்' என்ற நூலின் கருவி மிக எளிது. ஒரு தாளின் மேல் ஒரு சொல். அதன் கீழே எதிரெதிர்ச் சொல் ஜோடிகள்: நல்லது–கெட்டது, வலியது–மெலியது, வேகமானது–மெதுவானது. ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் ஏழு கட்டங்கள். எந்தக் கட்டம் பொருத்தமோ அங்கே ஒரு குறி போட வேண்டும்.

நீங்களே முயன்று பாருங்கள். தாளின் மேல் 'கந்துவட்டி' என்று எழுதுங்கள். நல்லது–கெட்டதில் கடைசிக் கட்டம். வலியது–மெலியதில் வலிமையின் பக்கம். வேகத்திலும் குறைச்சல் இல்லை. இப்போது 'தாலாட்டு'. நல்லதின் பக்கம், மென்மை, மெதுவு. இனி வேண்டுமென்றே அபத்தமான கேள்வி ஒன்று: 'நேர்மை' கரடுமுரடானதா, வழவழப்பானதா? 'துரோகம்' சூடானதா, குளிர்ந்ததா? பகுத்தறிவின்படி இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கக் கூடாது. ஆனால் பேனா ஏதோ ஒரு கட்டத்தை நோக்கிப் போகிறது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் அவருடைய பேனாவும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகிறது.

இப்படிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான குறிகளைப் புள்ளியியல் முறையில் சுருக்கியபோது, டஜன் கணக்கான ஜோடிகளுக்குப் பின்னால் மூன்று அச்சுகள் தெரிந்தன. இது நல்லதா கெட்டதா, இது வலியதா மெலியதா, இது துடிப்பானதா மந்தமானதா. மூன்றில் முதலாவதுக்கே எடை அதிகம். பிறகு ஆஸ்குட் இதை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோனார். இருபதுக்கும் மேற்பட்ட மொழிச் சமூகங்களில், அந்தந்த ஊர்ப் பள்ளி மாணவர்களிடம், 100 பெயர்ச்சொற்களை வைத்துச் சோதித்தார்கள். டெல்லியின் இந்தியும் மைசூரின் கன்னடமும் அதில் உண்டு. அதன் தொகுப்பு 1975-இல் நூலாக வந்தது. எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது; அச்சுகள் மூன்றும் அதே மூன்றாக இருந்தன.

காட்டில் புதிதாக ஒன்று எதிர்ப்பட்டால் ஓர் உயிர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதாம். எனக்கு இது நல்லதா? என்னைவிட வலியதா? வேகமாக வருமா? புலிக்கும் சேற்றுக்கும் முயலுக்கும் வேறு வேறு பதில். ஆஸ்குட்டே தன் அச்சுகளுக்கு இப்படி ஒரு விளக்கம் தந்தார்.

அவருடைய முறைக்கு எல்லையும் உண்டு. 'வீரன்', 'வெற்றி' என்ற இரண்டும் அவர் தாளில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். இரண்டும் ஒரே பொருள் என்று யாரும் சொல்ல மாட்டோம். அகராதிப் பொருளை அவர் அளக்கவில்லை. சொல்லின் சாயலை அளந்தார். ஆனால் அந்தச் சாயல் இல்லாமல் மொழி நடக்காது என்பதைத் தமிழ் இலக்கணம் தன் வழியில் அறிந்தே இருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் நன்னூல், தகுதி வழக்கு என்ற தலைப்பின்கீழ் இடக்கரடக்கலுக்கும் மங்கலத்துக்கும் இடம் ஒதுக்குகிறது. செத்தார் என்பதைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்துக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணங்கள். வீடுகளில் இந்த வழக்கம் இன்னும் தீவிரம். தாலிக்கயிறு அறுந்தால் "பெருகிவிட்டது" என்பார்கள். பானையில் அரிசி தீர்ந்தால் "நிறைஞ்சிருக்கு" என்று சொல்லும் வீடுகள் உண்டு. சொல்லின் நேர்ப்பொருள் தகவலுக்கு நேர் எதிர். கேட்பவர் ஒருவரும் ஏமாறுவதில்லை; கடைக்குப் போய் அரிசி வாங்கி வருகிறார்கள். தகவல் போய்ச் சேர்கிறது, கெட்டது என்ற முனை மட்டும் வாயில் வராமல் தப்பிக்கிறது.

கால் நொடிக்குள்

சொல்லில் ஏறிய உணர்ச்சியை மூளை எப்போது கவனிக்கிறது? தலையில் மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டி, சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையில் இதைப் பார்க்கலாம். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் யோஹானா கிஸ்லரின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. வாய்க்குள் படித்தால் போதும். இனிய சொல்லோ கொடிய சொல்லோ, உணர்ச்சி ஏறிய பெயர்ச்சொற்கள் வந்தபோது தலையின் பின்பகுதியில் பதிவான அலைகள் வெறும் சொற்களுக்கு வந்தவற்றிலிருந்து பிரிந்தன. அந்தப் பிரிவு தெரிந்தது ஏறத்தாழ கால் நொடியில். சொல்லின் பொருள் வாக்கியத்தோடு ஒத்துப்போகிறதா என்பதைக் காட்டும் பிரபலமான மின்னலை உச்சம் தொடுவதோ 400 மில்லி நொடி அளவில்.

அப்படியானால் உணர்ச்சி பொருளை முந்துகிறதா? அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பெழுத முடியாது. ஒரு சொல்லை இன்ன சொல் என்று அறியாமல் அதன் உணர்ச்சியை மட்டும் அறிவது எப்படி என்ற கேள்வி நிற்கிறது. சொல்லை அடையாளம் காணும் வேலை கால் நொடிக்குள்ளேயே பெருமளவு முடிந்துவிடுகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. எந்தப் பக்கம் சரியானாலும் ஒன்று உறுதி. பொருள் முழுவதும் கூடிய பிறகு கடைசியில் வந்து சேரும் விருந்தாளியாக உணர்ச்சி நடந்துகொள்ளவில்லை.

அழுகுணி ஆட்டம்

கல், மரம், மாடு போன்ற சொற்களைக் கற்பது எப்படி என்று ஊகிக்கலாம். விரலை நீட்டிக் காட்டலாம். 'நியாயம்' எங்கே இருக்கிறது? 'நம்பிக்கை'யை எந்தத் திசையில் காட்டுவது? கண்ணால் பார்க்கும் பொருள்களின் பெயர்களுக்கு மனதில் படமும் உண்டு, சொல்லும் உண்டு; கருத்துச் சொற்களுக்குச் சொல் மட்டுமே துணை, அதனால் அவை கடினம் என்பது கனடா உளவியலாளர் ஆலன் பைவியோ வழிவந்த விளக்கம். நீண்ட காலம் இது கேள்வியில்லாமல் நின்றது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஸ்டாவ்ரூலா கூஸ்டா, கேப்ரியெல்லா வில்யோக்கோ குழுவினர் 2011-இல் இதை ஆட்டம் காணச் செய்தார்கள். மனப்படம் எழும் எளிமை, பழக்கம், பொருத்தமான சூழலை நினைத்துக்கொள்ளும் சுலபம் போன்றவற்றில் இணையான சொற்களை இரண்டு பக்கமும் பொறுக்கி எடுத்து, எது சொல், எது சொல்லல்ல என்று அடையாளம் காணும் வேகத்தை அளந்தார்கள். கடினம் என்று பெயர் வாங்கிய கருத்துச் சொற்களே முந்தின. காரணத்தைத் தேடியபோது விடை உணர்ச்சியில் கிடைத்தது. கருத்துச் சொற்கள் சராசரியாக உணர்ச்சி மிகுந்தவை. பொருள்களின் பெயர்களைக் கண்ணும் கையும் தாங்குவதுபோல, கருத்துச் சொற்களை உணர்ச்சி தாங்குகிறது.

குழந்தைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மார்ட்டா பொனாரி, கோர்ட்னி நார்பரி, வில்யோக்கோ மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிள்ளைகள் சிறுவயதில் முதலில் கற்கும் கருத்துச் சொற்கள் பெரும்பாலும் நல்லது, கெட்டது என்ற சாயல் ஏறியவை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இனிய சாயல் கொண்ட கருத்துச் சொற்களை மற்றவற்றைவிட நன்றாக அடையாளம் கண்டார்கள். அதன் பிறகு இந்த அனுகூலம் தேய்ந்துபோகிறது. அதற்குள் மொழியைக் கொண்டே மொழியைக் கற்கும் திறமை வளர்ந்துவிடுகிறது.

தெருவில் விளையாடும் பிள்ளைகளைக் கவனித்தால் இதன் நடைமுறை புரியும். ஒருவன் அவுட்டாகியும் மட்டையைக் கொடுக்க மறுக்கிறான். மற்றவர்கள் "அழுகுணி ஆட்டம்!" என்று கத்துகிறார்கள். விதி என்றால் என்ன, உடன்பாடு என்றால் என்ன, அதை மீறுவது ஏன் தவறு என்று கேட்டால் அந்த ஆறு வயதுப் பிள்ளைகளில் ஒருவருக்கும் விளக்கத் தெரியாது. முகம் சிவந்திருக்கிறது, தொண்டை அடைக்கிறது, கண்ணில் நீர் முட்டுகிறது. அந்தக் கொதிப்புக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பின்னாளில் பள்ளிப் பாடத்திலும் நீதிமன்றச் செய்தியிலும் 'அநியாயம்' என்ற சொல்லைச் சந்திக்கும்போது, வரையறைக்கு முன்பே அதற்கு ஓர் அஸ்திவாரம் போட்டாயிற்று.

திட்டு வாங்கிய மொழி

சொல்லைக் கற்ற தருணத்தின் கொதிப்பு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது என்றால், வகுப்பறையில் புத்தகம் பார்த்துக் கற்ற மொழிக்கு அந்தச் சூடு குறைவாக இருக்க வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸ், ஆய்ஷே ஆய்ச்சிசெகி, ஜீன் பெர்கோ கிளீசன் மூவரும் 2003-இல் இதைச் சோதித்தார்கள். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பிற்பாடு ஆங்கிலம் கற்றவர்களை அழைத்து விரல்நுனிகளில் மின்முனைகளை ஒட்டினார்கள். மனம் அசைந்தால் விரலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் வியர்வை சுரக்கும். தோலின் மின்கடத்தல் கூடும். நடிக்க முடியாத சாட்சி அது. கெட்ட வார்த்தைகள், இனிய சொற்கள், வெறும் சொற்கள், கூடவே சிறுவயதில் பெரியவர்கள் அதட்டும் வாக்கியங்கள் எல்லாம் இரண்டு மொழிகளிலும் வந்தன.

மிகத் தெளிவான வேறுபாடு அதட்டல்களில் தெரிந்தது. "வெட்கமாக இல்லையா?" என்ற தொனியிலான வாக்கியம் துருக்கி மொழியில் வந்தபோது தோல் துள்ளியது, ஆங்கிலத்தில் அதே அதட்டல் பெரிதாகத் தைக்கவில்லை. வளர்ந்த ஆள்கள், வேறு நாட்டில் வாழ்பவர்கள், ஆங்கில வாக்கியத்தின் பொருள் நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் ஆங்கிலத்தில் அவர்கள் சிறுவயதில் திட்டு வாங்கியதில்லை.

இரண்டு மொழியில் வாழும் தமிழர்கள் இந்த வேறுபாட்டை நாள்தோறும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பிணம் என்று சொல்ல நா எழாதபோது "பாடி எப்போ வருது?" என்கிறோம். "ஸாரி" சொல்லத் தயங்காத வாய் "மன்னிச்சிடு" என்பதற்குத் தடுமாறுகிறது. மாதவிலக்கு 'பீரியட்ஸ்' ஆனதும் காதல் 'லவ்' ஆனதும் சூடு கொஞ்சம் தணிகிறது. ஆங்கிலம் இங்கே நாகரிகத்துக்காக மட்டும் வருவதில்லை; கை சுடாமல் பாத்திரத்தை இறக்கவும் உதவுகிறது.

ஆல்பர்ட் கோஸ்டாவின் குழு 2014-இல் இன்னும் ஒரு படி போனது. ஓடிவரும் டிராலி ஐந்து பேர் மேல் ஏறப்போகிறது. பாலத்தில் நிற்கும் ஒரு பருமனான மனிதரைத் தள்ளிவிட்டால் ஐவர் பிழைப்பார்கள். தள்ளலாமா? இந்தப் பழைய தர்மசங்கடத்தைத் தாய்மொழியில் படித்தவர்களில் 20 சதவீதம் பேர் தள்ளலாம் என்றார்கள். பின்னால் கற்ற மொழியில் படித்தவர்களில் 33 சதவீதம். கணக்கு இரண்டு மொழியிலும் ஐந்துக்கு ஒன்றுதான். வேறு மொழியில் கணக்குக் கூர்மையாவதைவிட, ஒரு மனிதரைத் தள்ளுவதில் உள்ள கூச்சம் மங்குவதே காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் சுட்டுகின்றன.

நூற்றில் தொண்ணூறு

ஒரே உண்மையைச் சொல்லும் இரண்டு சொற்கள் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதற்கு எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் செய்த சோதனை புகழ்பெற்றது. கார்கள் மோதும் காட்சியைக் காட்டிவிட்டு, வேகம் என்ன என்று கேட்டார்கள். கேள்வியில் வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. 'நொறுங்க மோதின' என்ற பொருளுள்ள சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்குச் சுமார் 40 மைல் என்றார்கள். 'தொட்டுக்கொண்டன' என்று கேட்டவர்கள் சுமார் 32 மைல். இன்னொரு குழுவினரை ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. நொறுங்கல் சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக 'மோதின' என்று கேட்ட 50 பேரில் 7 பேர். ஆஸ்குட்டின் வலிமையும் வேகமும் ஒரு வினைச்சொல்லில் ஏறிவந்து நினைவையே திருத்திவிட்டன.

மருத்துவமனையில் இதன் விலை அதிகம். பார்பரா மெக்னீல் குழுவினர் 1982-இல், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையா கதிர்வீச்சா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒரு சாராருக்கு அறுவைச் சிகிச்சையில் 100 பேரில் 90 பேர் பிழைக்கிறார்கள் என்ற பாணியில் விவரம் தந்தார்கள். மற்றவர்களுக்கு 10 பேர் இறக்கிறார்கள் என்ற பாணியில். 'பிழைப்பு' என்று கேட்டவர்களிடம் அறுவைச் சிகிச்சைக்கு ஆதரவு கூடியது. 'இறப்பு' என்று கேட்டவர்களிடம் குறைந்தது. கேட்கப்பட்டவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள், மருத்துவர்களும் இருந்தார்கள். தொழில்முறைப் பயிற்சி மருத்துவர்களைக் காப்பாற்றவில்லை.

உணர்ச்சியை வடிகட்டிவிட்டுத் 'தூய' சொற்களில் பேசலாமே என்று தோன்றும். மேலே பார்த்த சான்றுகளின்படி அது நடக்காத காரியம். 'இறப்பு' என்ற சொல்லிலிருந்து அச்சத்தைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது இறப்பு என்பதன் பொருளாக இருக்காது. செய்யக்கூடியது வேறு. சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் மருத்துவர், 100 பேரில் 90 பேர் பிழைக்கிறார்கள் என்பதையும் 10 பேர் இறக்கிறார்கள் என்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிவிடலாம். கணக்கில் இரண்டும் ஒன்றே என்பதால் ஒன்றைச் சொன்னால் போதும் என்று அவருக்குத் தோன்றலாம். கட்டிலில் இருப்பவர் கேட்பது இரண்டு வெவ்வேறு செய்திகளை. முடிவெடுக்க அவருக்கு இரண்டும் வேண்டும்.